வாடகை வெற்றியா, சொந்தக் கதையா? ஐரோப்பியப் பொதுத் தொலைக்காட்சியின் ஞாயிறு இரவு

மக்கள் பணத்தில் நடக்கும் ஒரு தொலைக்காட்சிக்கு வாரத்தில் சில மணி நேரம்தான் பொன்னான நேரம். சனி, ஞாயிறு இரவுகளில் வீட்டில் எல்லோரும் கூடத்துக்கு வந்து உட்காரும் எட்டு மணி. அந்த நேரத்தில் எதைப் போடுவது? ஐரோப்பாவில் இந்த முடிவை எடுப்பவர் முன்னால் இன்று சில வழிகள் இருக்கின்றன. வெளியே வெற்றி பெற்ற ஒரு ஃபார்மட்டை, அதாவது ஒரு நிகழ்ச்சியின் வார்ப்பை, விலைக்கு வாங்கலாம். சொந்தமாக எழுதி நாடகத் தொடர் எடுக்கலாம். ஒரு ரயிலையோ கப்பலையோ மணிக்கணக்கில் அப்படியே காட்டலாம். டிவி பக்கமே வராத இளைஞர்களைத் தேடி இணையத்துக்குப் போகலாம். பக்கத்து நாடுகளோடு சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு நாடு செய்து பார்த்துவிட்டது, பலனும் கண்முன் இருக்கிறது. அதனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வர முடியும்.

பார்ப்பவரும் பார்க்காதவரும் சேர்ந்தே பணம் கட்டுவதால்தான் முடிவு கடினமாகிறது. பிரிட்டனில் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174.50 பவுண்ட் ஆனது. ஜெர்மனியில் 2021 முதல் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, வீட்டில் டிவியே இல்லை என்றாலும் கட்டியாக வேண்டும். பிரான்ஸ் 2022 இல் தனிக் கட்டணத்தை ஒழித்து வரிப்பணத்துக்கு மாறியது. டென்மார்க்கும் படிப்படியாக அதே வழிக்கு வந்துவிட்டது. கட்டாயமாக வாங்கும் பணம் என்பதால் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. நேயர்கள் குறைந்தால், யாரும் பார்க்காத ஒன்றுக்கு எல்லோரும் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்பார்கள். நேயர்கள் குவிந்தால், இதைத் தனியார் சேனலே காட்டியிருக்குமே, நீங்கள் எதற்கு என்று கேட்பார்கள்.

அதனால் நான் ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். நிகழ்ச்சி வெற்றி பெற்றால் அது யாருடையது? இவர்கள் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்திருப்பார்களா? ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த நாட்டில் என்ன மிஞ்சும்?

விலைக்கு வாங்கும் ஃபார்மட்

ஃபார்மட் வாங்கும்போது கைக்கு வருவது ஒரு தடித்த கையேடு. தொழிலில் அதை 'பைபிள்' என்பார்கள். மேடை எப்படி இருக்க வேண்டும், நடுவரின் நாற்காலி எப்போது திரும்ப வேண்டும், எந்த இடத்தில் இசை ஏற வேண்டும், போட்டியாளர்களை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். விற்றவர்களின் தரப்பிலிருந்து ஓர் ஆலோசகரும் வந்து பக்கத்தில் நிற்பார். வேறு நாடுகளில் ஓடிக் காட்டிய சரக்கு என்பதால் தோற்கும் பயம் குறைவு. நாடகத் தொடரைவிடப் பல மடங்கு வேகமாகத் திரைக்கு வந்துவிடும். விளம்பரதாரரையும் பங்குதாரரையும் திருப்திப்படுத்த வேண்டிய தனியார் சேனலுக்கு இது நல்ல வியாபாரம்.

பொதுத் தொலைக்காட்சிக்கு? பிபிசியின் 'தி வாய்ஸ்' கதையைப் பாருங்கள். நெதர்லாந்தின் ஜான் டி மோல் உருவாக்கி, அங்கே 2010 இல் ஆர்டிஎல் 4 என்ற தனியார் சேனலில் ஓடிய பாட்டுப் போட்டி அது. மற்ற சேனல்களோடு போட்டி போட்டு பிபிசி அதை வாங்கியது. சுமார் 2 கோடியே 20 லட்சம் பவுண்ட் என்று செய்திகள் வந்தன. 2012 இல் ஒளிபரப்பு தொடங்கியது. நன்றாகவே ஓடியது. ஆனால் 2015 இல் பிபிசியின் எதிர்காலம் பற்றி பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட ஆலோசனை அறிக்கை இந்த நிகழ்ச்சியைப் பெயர் சொல்லியே கேள்வி கேட்டது. ஐடிவி என்ற தனியார் சேனலில் ஏற்கெனவே ஓடும் பாட்டுப் போட்டியைப் போன்ற ஒன்றை வெளிநாட்டிலிருந்து இவ்வளவு விலை கொடுத்து வாங்குவது பொதுச் சேவையா என்று. அந்தக் கேள்விக்கு பிபிசியால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை என்றே நினைக்கிறேன். அதே ஆண்டு டி மோலின் தல்பா நிறுவனத்தையே ஐடிவி வாங்கிவிட்டது. 2017 ஜனவரியில் சுழலும் நாற்காலிகள் ஐடிவி திரைக்குப் போய்விட்டன. ஐந்து சீசன்களாக நேயர்களைப் பழக்கியது பிபிசி. பழகிய நேயர்கள் போய்ச் சேர்ந்தது போட்டியாளரிடம்.

தன் திரையிலேயே பிறந்த நிகழ்ச்சி என்றாலும் பாதுகாப்பு இல்லை. 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' 2010 இல் பிபிசி 2 இல் அடக்கமாகத் தொடங்கியது. ஒரு கூடாரம், சில சாதாரண மனிதர்கள், கேக், ரொட்டி. யாரும் யாரையும் அவமானப்படுத்தாத ஒரு போட்டி. ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து 2014 இல் பிபிசி 1 க்கு வந்தது. 2016 இறுதிச் சுற்றை அன்றிரவே பார்த்தவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் பேர். ஆனால் தயாரித்தது லவ் புரொடக்ஷன்ஸ் என்ற வெளி நிறுவனம், உரிமையும் அதனிடம். அந்த நிறுவனத்தின் பெரும்பங்கை 2014 இலேயே ஸ்கை என்ற தனியார் நிறுவனம் வாங்கியிருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் பிபிசி ஆண்டுக்கு 1.5 கோடி பவுண்ட் தர முன்வந்ததாகவும், சேனல் 4 கொடுத்தது 2.5 கோடி என்றும் அப்போது பத்திரிகைகள் எழுதின. கூடாரம் 2017 இல் சேனல் 4 க்குப் போனது. நடுவர் மேரி பெர்ரியும் இரண்டு தொகுப்பாளர்களும் கூடப் போகவில்லை. சேனல் 4 இன் முதல் இறுதிச் சுற்றை அன்றிரவு பார்த்தவர்கள் பழைய எண்ணிக்கையில் கிட்டத்தட்டப் பாதிதான். இருந்தும் அந்தச் சேனலுக்கு அது மாபெரும் கூட்டம். சேனல் 4 உம் அரசுக்குச் சொந்தமானது, விளம்பரத்தில் ஓடுவது. ஆக, இரண்டு பொது நிறுவனங்கள் ஒன்றுக்கு எதிராக ஒன்று ஏலம் கேட்டு, லாபம் மூன்றாவது கைக்குப் போனது.

வெளித் தயாரிப்பாளரிடம் உரிமை தங்கியதற்குக் காரணம் சட்டம். 2003 இன் தகவல் தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு வந்த விதிகள், சேனல் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னாலும் அடிப்படை உரிமை தயாரிப்பாளருக்கே என்று ஆக்கின. அதில் நியாயம் உண்டு. அந்த விதிகளால்தான் லண்டனிலும் மான்செஸ்டரிலும் கார்டிஃபிலும் சிறிய தயாரிப்பு நிறுவனங்கள் தழைத்தன. பிரிட்டன் உலகத்துக்கே ஃபார்மட் விற்கும் நாடானது. அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நிகழ்ச்சித் தலைவராக உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர், வெளியாரின் ஃபார்மட் எவ்வளவு புகழ் பெறுகிறதோ அவ்வளவு சீக்கிரம் அது கைமீறிப் போகும் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

இதற்கு மறுபக்கம் 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்'. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஓடி 1998 இல் நின்ற பழைய நடன நிகழ்ச்சியைத் தூசி தட்டி, பிரபலங்களைத் தொழில்முறை நடனக் கலைஞர்களோடு ஆட வைத்து, 2004 இல் பிபிசி தன் சொந்தப் பிரிவிலேயே உருவாக்கியது. 'டான்சிங் வித் த ஸ்டார்ஸ்' என்ற பெயரில் அறுபது நாடுகளுக்குப் போனது. 2006 இல் இந்தியில் 'ஜலக் திக்லா ஜா' ஆக வந்ததும் இதே நிகழ்ச்சிதான். அதற்கான உரிமைப் பணம் பிபிசிக்குப் போகிறது. 'மாஸ்டர்செஃப்' வேறு மாதிரி. 1990 இல் பிபிசி திரையில் தொடங்கிய அந்தச் சமையல் போட்டியின் உரிமை இன்று பாரிஸில் தலைமையிடம் கொண்ட பனிஜே குழுமத்திடம் இருக்கிறது. 2021 இல் விஜய் சேதுபதி தொகுத்து வழங்க சன் டிவியில் ஓடிய தமிழ் மாஸ்டர்செஃப் அந்தக் கிளையில் வந்தது. இரண்டையும் முதலில் பார்த்தவர்கள் பிரிட்டனின் உரிமக் கட்டணம் கட்டியவர்கள்தான். ஒன்றின் வருமானம் அவர்களின் நிறுவனத்துக்குத் திரும்புகிறது. மற்றது திரும்புவதில்லை.

சொந்த ஃபார்மட்டுக்கு இன்னொரு வசதி: தூங்க வைத்துத் திரும்ப எழுப்பலாம். ஜெர்மனியின் பொதுத் தொலைக்காட்சியான இசட்டிஎஃப் 1981 இல் தொடங்கிய 'வெட்டன் டாஸ்' சாதாரண மக்கள் ஏதாவது ஒரு விசித்திரத் திறமையை வைத்துப் பந்தயம் கட்டும் சனி இரவு நிகழ்ச்சி. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நேயர்களும் சேர்ந்து பார்த்தார்கள். 2010 இல் நேரலையில் ஒரு போட்டியாளர் படுகாயம் அடைந்த பிறகு அது பழைய நிலைக்கு வரவே இல்லை. 2014 இல் நிறுத்தினார்கள். 2021 நவம்பரில் ஒரே ஓர் இரவுக்கு மீண்டும் போட்டபோது 1 கோடியே 38 லட்சம் பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

சொந்த நாடகத் தொடர்

என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கின் டிஆர் செய்ததைப் போல இன்னொரு பொது நிறுவனம் செய்ததாக எனக்குத் தெரியாது. அப்போது மக்கள்தொகை 55 லட்சத்தைச் சுற்றிய நாடு. மொழி அந்த எல்லைக்கு வெளியே பெரிதாகப் பேசப்படாதது. 1988 இல் டிவி 2 வந்ததும் டிஆரின் ஏகபோகம் உடைந்தது. 90 களில் நாடகப் பிரிவுக்காரர்கள் அமெரிக்காவுக்குப் போய், போலீஸ் தொடர்கள் எடுக்கும் தளங்களில் நின்று பார்த்தார்கள். எந்தத் தொடரையும் வாங்கி வரவில்லை. வேலை செய்யும் முறையைக் கற்றுக்கொண்டு வந்தார்கள்: எழுத்தாளர்கள் ஓர் அறையில் கூடி எழுதுவது, இயக்குநர்கள் மாறினாலும் கதையின் சொந்தக்காரர் மாறாமல் இருப்பது.

1999 முதல் 2012 வரை நாடகப் பிரிவை நடத்திய இங்கோல்ஃப் காபோல்ட் காலத்தில் இவை எழுதப்பட்ட நெறிகளாகவே ஆகின. முதல் நெறி, ஒரே பார்வை: தொடர் எழுத்தாளருடையது, எல்லோரும் அவர் காண்பதை நோக்கியே வேலை செய்ய வேண்டும். இரண்டாவது, இரட்டைக் கதை: மேலே விறுவிறுப்பான கதை ஓடலாம், அடியில் சமூகத்தைப் பற்றிய ஒரு கேள்வி ஓடியே ஆக வேண்டும். சினிமாவில் இருப்பவர்களும் தொலைக்காட்சியில் இருப்பவர்களும் கலந்து வேலை செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது நெறிதான் எனக்கு மிகவும் பிடித்தது. மக்கள் பணத்தில் எடுக்கும் தொடருக்கு இதைவிடத் தெளிவான நிபந்தனை இருக்க முடியாது. நீதி சொல்லு என்று அது கேட்கவில்லை. பொழுதுபோக்கை விட்டுவிடு என்றும் கேட்கவில்லை.

அந்த நெறி திரையில் எப்படி இருக்கும் என்பதற்கு 2007 இல் வந்த 'ஃபோர்ப்ரூடல்சென்' உதாரணம். வெளியுலகம் அதை 'தி கில்லிங்' என்று அறியும். எழுதியவர் சோரன் ஸ்வைஸ்ட்ரூப். ஒரே ஒரு கொலை, 20 எபிசோட், ஒரு எபிசோடுக்கு ஒரு நாள். தனியார் சேனலின் போலீஸ் கதையில் பிணம் என்பது புதிரின் முதல் வரி. இங்கே கொலையான பெண்ணின் அப்பாவும் அம்மாவும் புலனாய்வாளருக்குச் சமமான நேரம் திரையில் இருக்கிறார்கள். சமையலறையில், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது, சவப்பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது. மூன்றாவது இழையாகக் கோபன்ஹேகன் மேயர் தேர்தல். ஒரு மரணம் ஒரு குடும்பத்தையும் ஓர் அரசியலையும் எப்படிச் சிதைக்கிறது என்பதை 20 வாரம் நிதானமாகச் சொல்ல, நேயர்களை நம்பும் நிறுவனம் வேண்டும்.

அடுத்து 2010 இல் 'போர்கன்'. கூட்டணி ஆட்சி எப்படிக் கட்டப்படுகிறது, எந்தக் கட்சிக்கு எந்த அமைச்சகம், யார் யாரிடம் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் கதை. ஒரு பெண் பிரதமராவதில் அது தொடங்குகிறது. நிஜ டென்மார்க்கின் முதல் பெண் பிரதமர் ஹெல்லே தோர்னிங் ஷ்மிட் பதவியேற்றது அடுத்த ஆண்டு, 2011 அக்டோபரில். இந்தத் தொடர்களை ஞாயிறு இரவு எட்டு மணிக்கு 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் நாட்டில் நான்கில் ஒருவருக்குப் பேச ஒரே விஷயம். 2011 இல் பிபிசி 4 டேனிஷ் மொழியிலேயே, சப்டைட்டிலோடு 'தி கில்லிங்' போட்டது. வசனம் படித்துப் பார்க்கமாட்டார்கள் என்று நம்பப்பட்ட பிரிட்டிஷ் நேயர்கள் படித்துப் பார்த்தார்கள். அமெரிக்கா மறு ஆக்கம் செய்தது. பிரிட்டனின் பாஃப்டா தொலைக்காட்சி விருதுகளில் சர்வதேச விருது 2011 இல் 'தி கில்லிங்'குக்கும் 2012 இல் 'போர்கனு'க்கும் போனது. இவ்வளவும் வெளிநாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. உள்ளூர் ஞாயிறு இரவுக்காக எழுதப்பட்டவை.

இந்த வழியின் குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. பணம் அதிகம். ஒரு தொடர் எழுதி முடிக்கவே சில ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்குச் சில தொடர்களுக்குமேல் எடுக்க முடியாது. ஒன்று விழுந்தால் பெரிய பள்ளம். 2014 இல் வந்த '1864' அப்படிப்பட்ட அனுபவம். பிரஷ்யாவிடம் டென்மார்க் தோற்ற போரைப் பற்றிய எட்டு எபிசோட், செலவு 17 கோடியே 30 லட்சம் குரோனர். அதுவரை டேனிஷ் தொலைக்காட்சி பார்க்காத தொகை. அதில் 10 கோடி, வரலாற்றுத் தொடருக்கு என்றே அரசியல் கட்சிகளின் ஊடக உடன்படிக்கையில் ஒதுக்கப்பட்டது. ஒளிபரப்பானதும் வரலாற்றாசிரியர்கள், அரசியல்வாதிகள், விமர்சகர்கள் எல்லோரும் தாக்கினார்கள். எழுத்தாளரின் மேசையில் பிறக்காமல் நாடாளுமன்றப் பேரத்தில் பிறந்த தொடர், எழுத்தாளரை நடுவில் வைக்கும் முதல் நெறிக்கே புறம்பானது. தோல்வி அங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் கருத்து.

இன்னொரு ஆபத்து, இந்த மரம் காய்க்கத் தொடங்கும்போது வெட்டுவார்கள். 2018 இல் டேனிஷ் அரசும் டேனிஷ் மக்கள் கட்சியும் சேர்ந்து டிஆரின் பட்ஜெட்டில் 20 சதவீதத்தை ஐந்து ஆண்டுகளில் குறைப்பதாக உடன்பட்டன. சேனல்கள் மூடப்பட்டன, நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2022 இல் 'போர்கன்' திரும்பி வந்தபோது நெட்ஃபிளிக்ஸின் கையும் அதில் இருந்தது. டென்மார்க்கில் முதலில் டிஆரில் ஓடி, சில மாதம் கழித்து உலகத்துக்கு நெட்ஃபிளிக்ஸில் போனது. தொடர் நன்றாகவே இருந்தது. ஆனாலும் ஒரு நாட்டின் ஜனநாயகத்தை அந்த நாட்டு மக்களுக்கே விளக்கிய தொடருக்கு வெளிப்பணம் தேவைப்பட்டது எனக்கு வருத்தம் தருகிறது.

பணமே இல்லாத சிறிய நாடுகள் என்ன செய்வது என்று கேட்டால், ஐஸ்லாந்தும் வேல்ஸும் பதில் தருகின்றன. மூன்றேகால் லட்சம் பேர் வாழ்ந்த ஐஸ்லாந்தில் பொது ஒளிபரப்பான ரூவ் 2015 இல் 'ட்ராப்ட்' தொடரைக் காட்டியது. பனிப்புயலில் அடைபட்ட ஒரு துறைமுக ஊர், ஒரு பிணம். ஜெர்மனி உட்பட வெளிநாட்டு ஒளிபரப்பாளர்களும் பணம் போட்டார்கள். கதையும் மொழியும் ஐஸ்லாந்துடையதாகவே இருந்தன. வேல்ஸின் எஸ்4சி இன்னும் பெரிய போராட்டத்தில் பிறந்தது. வெல்ஷ் மொழிக்குத் தனிச் சேனல் தருவதாகச் சொன்ன வாக்கிலிருந்து அரசு பின்வாங்கியபோது, 1980 இல் வேல்ஸ் அரசியல் தலைவர் க்வின்ஃபோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார்; அரசு இறங்கி வந்தது, 1982 நவம்பரில் சேனல் தொடங்கியது. 2013 இல் அதே சேனல் 'ஹின்டர்லாண்ட்' எடுத்தபோது ஒவ்வொரு காட்சியையும் வெல்ஷில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை என்று இரண்டு தடவை படமாக்கினார்கள். அதே நடிகர்கள், அதே மழை, அதே மலைச்சாலை. சிறிய மொழிக்குக் கதை மிஞ்சியது, செலவை ஆங்கிலப் பதிப்பின் விற்பனை தாங்கியது. வாங்கிக் காட்டியவர்களில் டேனிஷ் டிஆரும் உண்டு.

ஃபார்மட்டும் நாடகமும் ஒன்றாகும் இடம்

ஜெர்மனியின் 'டாட்டோர்ட்' இரண்டு வழியின் நன்மையையும் எடுத்துக்கொண்டது. 1970 நவம்பர் 29 அன்று தொடங்கியது. இன்றும் ஞாயிறு இரவு 8.15 க்கு ஏஆர்டியில் ஓடுகிறது. ஆயிரத்து இருநூறு எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. ஏஆர்டி என்பது மாநில ஒளிபரப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஊரில், தன் துப்பறிவாளர்களை வைத்து, தொண்ணூறு நிமிடப் படமாக எடுத்துத் தருகிறது. ஒரு வாரம் மூன்ஸ்டர், அடுத்த வாரம் கொலோன், பிறகு டார்ட்மண்ட், மியூனிக், கூட்டுச் சேர்ந்த ஆஸ்திரியாவின் வியன்னா. முகப்பு இசையும் கண்ணும் குறுக்குக் கோடும் ஐம்பது ஆண்டுகளாக ஏறக்குறைய அப்படியே. மற்றதெல்லாம் மாறும்: ஓர் ஊரில் நகைச்சுவை, இன்னோர் ஊரில் இருட்டு.

இதன் அழகு, ஒரு வாரம் சறுக்கினால் அடுத்த வாரம் வேறு அணி வருகிறது. புதிய இயக்குநர் துணிந்து ஒன்றைச் செய்து பார்க்கலாம், சட்டகம் தாங்கிக்கொள்ளும். மூன்ஸ்டர் அணியின் சில எபிசோடுகள் 1 கோடியே 40 லட்சம் பேரைக்கூடத் தாண்டியிருக்கின்றன. கிழக்கு ஜெர்மனி இதற்குப் போட்டியாக 1971 இல் தொடங்கிய 'போலீஸைருஃப் 110', அந்த நாடே மறைந்த பிறகும் அதே ஞாயிறு நேரத்தில் தொடர்கிறது. பல மொழி, பல மாநிலம் உள்ள நாட்டில் பொதுத் தொலைக்காட்சி நடத்துபவர் எவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது என்பேன்.

மெதுவாக ஓடும் தொலைக்காட்சி

2009 நவம்பரில் பேர்கன் ரயில் பாதைக்கு நூறு ஆண்டு. நார்வேயின் என்ஆர்கே, பேர்கனிலிருந்து ஒஸ்லோ வரையிலான ஏழு மணி நேரப் பயணத்தை ஒரு நிமிடம்கூட வெட்டாமல் காட்டியது. வழியில் 182 சுரங்கங்கள். இருட்டில் பழைய ஆவணப் படங்கள் போட்டார்கள். நாட்டின் மக்கள்தொகை அப்போது 48 லட்சம். ஏதாவது ஒரு பகுதியைப் பார்த்தவர்கள் 12 லட்சம். பதிவான காட்சிகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பிறகு இணையத்தில் இலவசமாகவே தந்துவிட்டார்கள். 2011 இல் ஹுர்டிக்ரூட்டன் கப்பல் பேர்கனிலிருந்து கிர்க்கெனஸ் வரை போன 134 மணி நேரம், முழுக்க நேரலை. ஒவ்வொரு துறைமுகத்திலும் மக்கள் கொடியோடு வந்து நின்றார்கள், படகில் கூடவே வந்தார்கள். அரசி சோன்யாகூடக் கையசைத்தார். 2013 இல் விறகைப் பற்றி 12 மணி நேரம். அதில் எட்டு மணி நேரம் எரியும் அடுப்பு மட்டும்.

செலவுக் கணக்கில் நாடகத் தொடர் பக்கத்திலேயே வராத சிக்கனம். ஆனால் மலிவு என்பதற்காக இதைத் தேர்ந்தெடுப்பவர் தோற்றுப்போவார். அந்த ரயில் பாதையும் அந்தக் கப்பலும் நார்வேக்காரர்களுக்கு ஏற்கெனவே சொந்தமானவை. தாத்தா வேலை செய்த நிலையம், அத்தை வாழ்ந்த துறைமுகம். காட்சியில் எதுவும் நடக்காததுபோல் தெரியும் இடத்தில் நேயரின் நினைவு வேலை செய்கிறது. சுவீடனின் எஸ்விடி 2019 முதல் வசந்த காலத்தில் ஓங்கர்மான் ஆற்றை நீந்திக் கடக்கும் காட்டு மூஸ் மான்களை மூன்று வாரம் போல இரவு பகலாகக் காட்டுகிறது. மணிக்கணக்கில் வெறும் ஆறுதான், பிறகு ஒரு தலை தண்ணீரில் தெரியும். 2015 இல் பிபிசி 4 ஒரு கால்வாய்ப் படகுப் பயணத்தை இரண்டு மணி நேரம் காட்டி நல்ல வரவேற்பைப் பெற்றது. எனினும் இதை வாரா வாரம் போட முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை, நாடு முழுக்கப் பங்கெடுக்கும் விழாவாகத்தான் சரிப்படும். மூன்று கேள்விகளில் நடுக்கேள்விக்கு இதைப்போல் தெளிவான பதில் தரும் வழி வேறில்லை: ஏழு மணி நேரம் விளம்பரமின்றி ஒரு ரயிலைக் காட்ட எந்தத் தனியார் சேனலும் முன்வந்திருக்காது.

பதினாறு வயதுக்காரர்கள்

மேலே சொன்ன எதையும் பதினாறு வயதுப் பெண் எட்டு மணிக்கு உட்கார்ந்து பார்க்கமாட்டாள். இதை நேர்மையாக ஒப்புக்கொண்டதும் என்ஆர்கேதான். யூலி அண்டெம் தலைமையில் ஒரு சிறு குழு ஊர் ஊராகப் போய் அந்த வயதினரிடம் பேசியது: எதற்குப் பயப்படுகிறார்கள், எதை வீட்டில் சொல்ல முடியவில்லை என்று. அதிலிருந்து 2015 இல் 'ஸ்காம்' பிறந்தது. கதையில் செவ்வாய் மாலை நடப்பது இணையத்தில் செவ்வாய் மாலையே ஒரு துண்டாக வரும். பாத்திரங்களின் குறுஞ்செய்தியும் இன்ஸ்டாகிராமும் இடையில் வரும். வெள்ளிக்கிழமை எல்லாம் சேர்ந்து ஓர் எபிசோட். பெரியவர்கள் கண்ணில் படக் கூடாது என்று விளம்பரமே செய்யவில்லை. 2017 இல் நான்கு சீசனோடு நிறுத்தியும்விட்டார்கள். பிறகு ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, நெதர்லாந்து, ஸ்பெயின், பெல்ஜியம், அமெரிக்கா என்று மறு ஆக்கம் போனது. விற்பது என்ஆர்கே, உரிமையும் அதனிடமே. உள்ளூர்க் கவலையிலிருந்து எடுத்த நாடகமே உலக ஃபார்மட் ஆன கதை இது.

கூட்டுச் சேர்வது

1956 இல் லுகானோவில் ஏழு நாடுகளோடு தொடங்கிய யூரோவிஷன் பாட்டுப் போட்டி எல்லோருக்கும் தெரியும். அது ஆண்டுக்கு ஒரு வாரம். அன்றாட நிகழ்ச்சிக்கு உதவுவது வேறு கூட்டுகள். 1959 முதல் இருக்கும் நோர்ட்விஷன் வழியாக நார்டிக் நாடுகள் ஐந்தும் நிகழ்ச்சிகளைப் பகிர்கின்றன. 2018 இல் ஆண்டுக்கு 12 நாடகத் தொடர்களை எல்லோரும் காட்டுவது என்று உடன்பட்டார்கள். பிரான்சும் ஜெர்மனியும் 1990 இல் ஒப்பந்தம் போட்டு, 1992 இல் ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து தொடங்கிய ஆர்ட்டே ஒரு மாலை முழுவதையும் ஒரே பொருளுக்குக் கொடுத்துப் பழக்கியது. ஆர்ட்டேவை நான் மதிக்கிறேன். ஆனால் கூட்டு என்பது பணம் சேர்க்கும் வழி. பல நாட்டுக்கும் பிடிக்கட்டும் என்று கதையையே பொதுவாக்கினால் எந்த ஊரும் அதில் தெரியாது. 'பிரிட்ஜ்' தொடர் டேனிஷ், சுவீடிஷ் நிறுவனங்களின் கூட்டு முயற்சி. பிணம் கிடப்பதே இரு நாட்டு எல்லைக் கோட்டின் மேல் என்பதால் கூட்டு கதைக்குள்ளேயே இருந்தது. அப்படிப் பொருந்தினால் மட்டுமே கதையைப் பகிர வேண்டும். மற்ற நேரத்தில் செலவை மட்டும் பகிரலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஐம்பது லட்சம் பேர் உள்ள ஒரு நாட்டின் பொதுத் தொலைக்காட்சி என்று வைத்துக்கொண்டால், என் வரிசை இது. முதல் பணம் ஞாயிறு இரவு நாடகத்துக்கு. ஆண்டுக்கு ஒரு தொடர் போதும், ஆனால் பத்து ஆண்டுக்கு நிற்காமல். டென்மார்க்கில் 1997 இல் வந்த டிஆரின் 'டாக்ஸா' தொடருக்கும் 'தி கில்லிங்'குக்கும் இடையில் பத்து ஆண்டு இருந்தது. நடுவில் எழுதியவர்களும் ஒளிப்பதிவு செய்தவர்களும் அந்தக் கட்டடத்திலேயே வளர்ந்தார்கள். மூன்றாம் ஆண்டில் நிறுத்துவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம். எந்தப் பொருளில் எடுக்க வேண்டும் என்று அரசு சொல்லும் பணத்தை வாங்கக் கூடாது.

நாடு பெரியது, பல வட்டாரம் கொண்டது என்றால் டாட்டோர்ட் மாதிரி வட்டாரங்களுக்கு முறை வைத்துக் கொடுப்பேன். செலவும் பெருமையும் பங்காகும். இரண்டாவது பணம், சிறிய தொகைதான், இளைஞர்களிடம் போய்ப் பேசும் ஒரு குழுவுக்கு. அவர்கள் மேல் ஓராண்டு எந்த நேயர் எண்ணிக்கையும் சுமத்தக் கூடாது. மெதுத் தொலைக்காட்சிக்குத் தனி நிதி வேண்டாம். நூற்றாண்டு விழா, கடைசி ரயில், இடம்பெயரும் விலங்கு என்று ஒரு நல்ல காரணம் கிடைத்த ஆண்டில் செய்தால் போதும்.

சனிக்கிழமை இரவுக்கு மக்கள் சிரித்துப் பார்க்க ஒரு போட்டி வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. பொழுதுபோக்கும் பொதுச் சேவைதான். அதற்கு உள்ளேயே ஒரு சிறு பிரிவு வைத்து ஆண்டுக்கு நாலைந்து யோசனைகளை இரண்டாம் சேனலில் மலிவாகச் செய்து பார்க்கச் சொல்வேன். பேக் ஆஃப்கூட அப்படி ஒரு மூலையில்தான் வளர்ந்தது. வெளித் தயாரிப்பாளரோடு சேர்ந்தால், ஒளிபரப்பு உரிமை எத்தனை ஆண்டு, வேறு சேனல் விலை கேட்டால் முதலில் யாரிடம் வர வேண்டும், வெளிநாட்டு விற்பனையில் பங்கு என்ன என்பதெல்லாம் முதல் சீசனுக்கு முன்பே, நிகழ்ச்சி இன்னும் யாருக்கும் தெரியாதபோதே, எழுத்தில் வந்துவிட வேண்டும். வெளிநாட்டு ஃபார்மட் வாங்குவதற்கென்று அந்தப் பட்ஜெட்டில் நான் ஒரு வரியும் வைக்கமாட்டேன்.